கீமோ மருந்துக்கு இருமுறை அனுமதி மறுக்கப்பட்டது பற்றி

அனுப்புநர்
சு. பேச்சி,
க/பெ. சுடலைமுத்து,
மட்டாஞ்சேரி, கொச்சி.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், காக்கநாடு.

பொருள்: என் கணவரின் அரிய வகைப் புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கீமோ மருந்து அனுமதிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர், வயது 57. மாசி மாதம் சிறுநீர் அடைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தசைப் பரிசோதனையில் (பயாப்சி) 'சிறுசெல்' வகை என்று வந்தது. இந்த நோய் உள்ள நூறு பேரில் ஒருவருக்கு வருவதே அரிதாம்.

2. இவ்வகையில் ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு பெரும்பாலும் ஏறாது, ஹார்மோன் ஊசியும் பலிக்காது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ ஏற்ற வேண்டும் என்று டாக்டர் எழுதித் தந்தார். முதல் சுற்றுக்குப் பிறகு வலி குறைந்து, அரைத் தட்டுக் கப்பைக் கிழங்கு சாப்பிட்டார்.

3. இரண்டாம் சுற்றுக்கு மருத்துவ உதவித் திட்ட அலுவலகம் அனுமதி மறுத்தது. பி.எஸ்.ஏ. 1.4 என்பதால் நோய் கட்டுப்பாட்டில் உள்ளதாம், ஹார்மோன் ஊசி போதுமாம். டாக்டர் மறுபடி விளக்கி எழுதினார். மறுபடி அதே பதில். நேரில் போனபோது, "நம்பர் நார்மல் அல்லே சேச்சி, சமாதானமாயி போ" என்றார் அங்கிருந்தவர், அளவு சரியாகத்தானே இருக்கிறது, நிம்மதியாகப் போங்கள் என்று. எனக்குக் கோபம்கூட வரவில்லை. முதல் சுற்று முடிந்து பத்து வாரம் ஆகிவிட்டது.

4. கீமோ பலித்தால் ஏறக்குறைய ஓராண்டு இருப்பார், இல்லையென்றால் சில மாதம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். என் கணவரிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

5. இரண்டாவது மறுப்புக் கடிதம் மலையாளத்தில் வந்தது. நான் சங்கரன்கோவிலிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். தமிழ் மட்டும் வாசிப்பேன். அவர் இங்கேயே பிறந்தவர். மலையாளம் மட்டும் வாசிப்பார். முப்பது வருடமாகச் சர்க்கார் கடிதங்களை அவர்தான் எனக்கு வாசித்துச் சொல்கிறார். அந்தப் பழக்கத்தில் இதையும் அவர் கையில் கொடுத்துவிட்டேன். அது என் தவறு. மூன்றாவது வரியில் நிறுத்தினார். சாயாவைக் குடித்தார். மீதி முத்திரையும் கையெழுத்தும்தான் என்று மடித்து வைத்தார். மறுநாள் சுகாதார ஊழியர் சுமாவிடம் காட்டினேன். டாக்டர் விளக்கி எழுதியதை எடுத்துக்காட்டி, அவர் எனக்குச் சொன்ன ஓராண்டு, சில மாதக் கணக்கு அப்படியே அந்த மூன்றாவது வரியில் இருந்தது.

6. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. இருவரும் வழக்கம்போல இருக்கிறோம்.

ஆகவே ஐயா அவர்கள், ரத்த அளவை விட்டு, இத்துடன் இணைத்துள்ள தசைப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து, மீதிச் சுற்றுகளுக்கு உடனே அனுமதி பெற்றுத்தர வேண்டுகிறேன். பதிலை என் பெயருக்கு, தமிழில் அனுப்பவும். அதை நான் அவருக்கு வாசித்துச் சொல்லிக்கொள்கிறேன்.

இடம்: மட்டாஞ்சேரி
நாள்: 11.06.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
சு. பேச்சி