பிரதாபனின் பாண்

ஜூலை 6, ஞாயிறு. ஏவன்டேல், ஆக்லாந்து

"மிஸ், உங்கள் வீட்டில் செத்தவர்களுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?" என் வகுப்பில் இருந்த வியட்நாமியப் பிள்ளை லின், ஏழு வயதில் கேட்டது. "முதலில் உன் சாப்பாட்டை முடி" என்று தப்பித்துக்கொண்டேன். நாளை ஹனோய்ப் பயணம். அதனால்தான் ஞாபகம் வந்தது போல.

எங்கள் வீட்டிலும் அந்தக் கேள்விக்கு ஆள் உண்டு. என் கணவரின் தம்பி பிரதாபன். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன், திரும்பவில்லை. நான் பேச்சை எடுத்தால், "திகதி தெரியாமல் என்ன திவசம்?" என்று இவர் எழும்பிவிடுவார். திகதி இல்லாதவரை அவன் வரக்கூடும் — அதுதான் இவர் கணக்கு. பெயரைக்கூடச் சொல்வதில்லை.

ஜூலை 9. ஹனோய்

ஆக்லாந்தில் வெறும் ரோட்டைக் கடக்கக்கூடப் பட்டனை அழுத்திவிட்டுப் பீப் சத்தத்துக்காக நிற்கிற மனிதர் இவர். இங்கே பட்டனும் இல்லை, இடைவெளியும் இல்லை. மோட்டார் சைக்கிள், மோட்டார் சைக்கிள். ஒன்றில் ஃபிரிட்ஜ் போனது, அதைக் கட்டிப்பிடித்தபடி ஒரு பெண்!

கடைசியில் ஒரு கீரைக்காரி இவர் கையைப் பிடித்து அந்தப் பக்கம் சேர்த்தாள். உடனே அங்கிருந்து எனக்குப் பாடம்: "நிக்காமல் நட, ரதி! அவையே விலத்துகினம்!"

ஜூலை 10

நடைபாதை எங்கும் பிளாஸ்டிக் ஸ்டூல். என் வகுப்புக் கதிரைகள் இதைவிட உயரம். இவர் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து, இறைச்சி வைத்த பாண் ரொட்டி சாப்பிட்டார். திடீரென்று, "உள்ள வாழைப்பழமும் சீனியும் வைக்கோணும். அவன் அப்பிடித்தான்..."

அவன்! நான் மெல்லுவதை நிறுத்தினேன். இவர் பில் கேட்டுவிட்டார்.

ஜூலை 12

தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா ஹோவா மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். அவருடைய அண்ணனின் நினைவு நாளாம். தெருவே வந்திருந்தது, கலியாண வீட்டுச் சத்தம். படத்துக்கு முன்னால் கோழி, சோறு, பற்றவைத்த சிகரெட், ஒரு டின் பீர், ஊதுபத்தி. போருக்குப் போனவராம்.

இவர் ஃபோனில் தட்டிக் கேட்டார்: எந்தத் திகதி இறந்தவர்?

ஹோவா சொன்னதை ஃபோன் செய்தி வாசிக்கிற குரலில் தமிழாக்கியது: "தெரியாது. உடலும் வரவில்லை. வீட்டை விட்டுப் போன நாளை வைத்துக்கொண்டோம். அண்ணன் பசியோடு இருக்கலாமா?"

ஊதுபத்தி எரிந்து முடிந்ததும் அந்தப் பீரை ஹோவா இவரிடமே நீட்டினார். "அவர் அருந்திவிட்டார். இனி உங்களுடையது" என்றது ஃபோன். பீர் பக்கமே போகாத மனிதர் — குடித்தார்! விளக்கெண்ணெய் குடித்த முகம். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஜூலை 16. ஏவன்டேல்

மழை. பட்டன். பீப். அதே மனிதர்தான்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் சொல்லாமல் மூலைக்கடை டெய்ரிக்குப் போய் வந்தார். பாண், வாழைப்பழம். சீனிப் போத்தலையும் தானே எடுத்தார். மேசையில் மூன்றாவது தட்டு, பக்கத்தில் ஊதுபத்தி.

"இண்டைக்குத்தான் பிரதாபன் சைக்கிளை எடுத்தவன். என்ரை சைக்கிள், ரதி. கேக்காமல் எடுத்தவன், கள்ளன்!"

சிரிக்கத் தொடங்கியவருக்கு நிறுத்த முடியவில்லை. நான்தான் இவர் கண்ணைத் துடைத்துவிட்டேன். பிறகு ஊதுபத்தி எரிந்து முடியும்வரை சைக்கிள் கதைதான்.

லின், பிந்திய பதில்: பாணுக்குள் வாழைப்பழமும் சீனியும்.

இதை யாராவது படித்தால், வீட்டுப்பாடம் ஒன்று. உங்கள் வீட்டில் பெயர் சொல்லாத ஒருவர் இருந்தால், அவருக்குப் பிடித்ததைச் செய்து மேசையில் வையுங்கள்.