கருவைத் திருத்தலாமா என்று கேட்ட அமுதாவுக்கு

ஏற்காடு
19.12.1996

அன்பு மக அமுதாவுக்கு அம்மா எழுதறது. இங்க நானும் உங்கப்பாவும் சேர்வராயன் தயவுல எந்திரிச்சு நடமாடிக்கிட்டு இருக்கறோம், அங்க லண்டன்ல நீயும் மாப்பிள்ளையும் சளி இருமலு இல்லாம நல்லா இருக்கறீங்கன்னு கேட்டாத்தான் எங்களுக்குச் சோறு எறங்கும். உங்கடுதாசி வந்து நாளாயிப்போச்சு, ஒடனே பதிலு போடலைன்னு சங்கடப்பட்டிருப்ப, எத்தனையோ தரம் எழுத உக்காந்தேன் கண்ணு, கை ஓடலை. இந்த வருசம் பனி நொம்ப, காலையில கடையத் தொறந்தா எதிர்த்தாப்பல ஏரி இருக்கறதே தெரியறதில்லை. காப்பிப் பழம் எடுக்கற சமயம், வாழவந்தி பஸ்ஸுல நிக்கவே எடமில்லை. டூரிஸ்ட்டு ஆளுங்க கொறைவு, மிளகும் தேனும் அப்படியே கெடக்குது, அதப்பத்திக் கவலை இல்லை. உங்கப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, நீ அனுப்புன தைலத்தத்தான் போட்டுக்கறாங்க, மேல இங்கிலீசுல எழுதியிருக்கறதால நல்லாக் கேக்குதுன்னு சொல்றாங்க.

இனி நீ எழுதுனதுக்கு வர்றேன். எனக்கு வெளங்குனபடி சொல்றேன், தப்பா இருந்தா சொல்லு. உன்ற ரத்தத்தச் சோதிச்சதுல உன் தம்பி தொரைக்கு வந்த அந்தத் தசை கரையற நோவு உன் வழியா ஆம்பளப் புள்ளைக்கு வரலாம்னு சொல்லிட்டாங்க. அது அம்மா வழியாத்தான் வரும், அப்படின்னா உனக்கு அது எங்கிட்டருந்து வந்தது. அந்த வரியப் படிச்சுப்போட்டு கடுதாசிய மடியில வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டேன். உனக்கு எம்பட மூக்கு, எம்பட சுருட்டை முடி, அதோட இதையும் குடுத்தனுப்பியிருக்கறேன். இப்ப அங்கத்த ஆஸ்பத்திரியில உங்க கருவக் கண்ணாடித் தட்டுல வளத்து, அதுலருந்து துளியூண்டு எடுத்துப் பார்த்து, பொண்ணுக் கருவ மட்டும் உன் வயித்துல வெப்பாங்க, ஆணுக் கருவக் கழிச்சுருவாங்க. கழிக்காம அந்தக் கோளாற கருவுலயே திருத்த முடியாதான்னு நீ கேட்டதுக்கு, அதுக்கு இன்னும் கை வரலை, கை வந்தாலும் இந்த நாட்டு சட்டம் விடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களாமே. இதெல்லாம் சரியாம்மா, நீ என்ன சொல்றயோ அதச் செய்யறேன்னு எழுதியிருக்கற. உங்கப்பா கடுதாசிய ரெண்டு தரம் படிச்சாங்க. அப்பறம் ஒரே ஒரு வார்த்தை கேட்டாங்க, அப்ப நம்ம தொரை தப்பாப் பொறந்தவனா பாவாயின்னு.

தொரை போயி எட்டு வருசமாகுது. நீ நர்ஸ் படிப்புக்கு மெட்ராஸ் போயிட்ட, அவனோட கடைசி வருசங்கள நீ லீவுலதான் பார்த்த, அதனால சொல்றேன். நடக்க முடியாமப் போனதும் கடையில கல்லாவுக்குப் பக்கத்துல அந்த சக்கர நாற்காலியில உக்கார வெப்போம், தலை மட்டும் ஒரு பக்கமாச் சாயும், அத நிமித்தி வெக்கறதுக்குன்னே உங்கப்பா ஒரு பலகை அடிச்சு வெச்சாங்க. வர்ற டூரிஸ்ட்டுகிட்ட அவந்தான் பேசுவான், மலைத்தேனுங்க, நக்கிப் பார்த்துட்டு வாங்குங்க, காசு அப்பறம்னு சிரிப்பான். ஒரு நாள் செம்மநத்தத்துலருந்து ஒறம்பரையா வந்த நம்ம சொந்தக்காரப் பொம்பள ஒருத்தி அவனக் கண்டுட்டு, அய்யோ பாவம், இந்தப் புள்ள எதுக்குப் பொறந்துச்சோன்னு சொல்லிப்போட்டா. அவன் கோவிக்கலை. அக்கா, என்ற காலு ஒண்ணும் அவ்வளவு கனமில்லீங்க, நீங்க சொல்ற பாவந்தான் தூக்க முடியலைன்னான். அவ மொகத்த நீ பார்த்திருக்கோணும். ஆனா கண்ணு, அவன் சிரிச்சதையே சொல்லிக்கிட்டிருந்தா அது பொய்யாயிரும். சோறு முழுங்க முடியாமப் போச்சு, ஈ வந்து மொகத்துல உக்காந்தா ஓட்டக் கையி எழும்பாது, படுத்தா மூச்சு முட்டும், அதனால எம்பட தோளுலயே சாஞ்சு உக்காந்திருப்பான். வெளிய தூறிக்கிட்டிருந்த ஒரு மத்தியானம் அப்படி சாஞ்சிருக்கறப்ப, அம்மா, இன்னொருக்காப் பொறந்தா எனக்கு இந்த ஒடம்பு வேண்டாம், ஆனா இதே ஊட்டுக்குத்தான் வருவேன்னான். அந்த வாரத்துலயே போயிட்டான்.

உங்கப்பா கேட்ட கேள்விக்கு அவன் சொன்னதுதான் பதிலுன்னு எனக்கு இப்பத் தோணுது. அவன் பொறந்திருக்கக்கூடாதுன்னு ஆராவது சொன்னா நான் சண்டைக்குப் போவேன். அவனுக்கு அந்த நோவு வராம இருந்திருக்கலாமான்னு கேட்டா, ஆமாம், வராம இருந்திருக்கோணும், அதுக்கு எம்பட உசுரக் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன். அவன் கேட்டது திருத்தச் சொல்லி, கழிக்கச் சொல்லி இல்லை. அந்தக் கண்ணாடித் தட்டு அன்னைக்கே இருந்திருந்தா ஆணுங்கற ஒரே காரணத்துக்காக அவன எடுத்துக் கழிச்சிருப்பாங்க, அந்தக் கைய நான் தட்டி விட்டிருப்பேன். அதே தட்டுல அந்தக் கோளாற மட்டும் எடுத்துப்போட்டு அவன எங்கிட்டக் குடுத்திருந்தா அந்தக் கையக் கண்ணுல ஒத்திக்கிட்டிருப்பேன். ரெண்டும் ஒரே மனசுல எப்படி இருக்குதுன்னு கேக்காத, இருக்குது.

உனக்கு இதுவரைக்கும் சொல்லாத ஒண்ண இப்பச் சொல்லியாகோணும், இல்லைன்னா நான் அப்பறம் சொல்றது உனக்கு வெளங்காது. எமர்ஜென்சி சமயம், நாம எஸ்டேட்டு லைன் ஊட்டுல இருந்தோம், உங்கப்பா காப்பிக் களத்துல வேலை பார்த்தாங்க. தொரைக்கு இன்ன நோவுன்னு மலைக்குக் கீழ டாக்டரு சொல்லிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, நான் முழுகாம இருந்தேன். பொண்ணாப் பொறந்தா பயமில்லை, ஆணாப் பொறந்தாக்கூட பாதிக்குப் பாதி தப்பிக்கும்னு டாக்டரு சொன்னாரு, அது ஒருத்தரு காதுலயும் ஏறலை. அப்ப குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆளுப் புடிச்சுக் குடுக்கச் சொல்லி மேலருந்து நெருக்கடி. கணக்கெழுதற எஸ்டேட்டு ரைட்டரு உங்கப்பாகிட்ட வந்து, ஏப்பா கந்தசாமி, ஒண்ண வெச்சுக்கிட்டுப் படறது போதாதா, நாளைக்கே கூட்டிக்கிட்டுப் போயி முடிச்சுப்போடு, இல்லைன்னா வேலைக்கு வராதன்னு சொன்னாரு. உங்க பெரியப்பாவும் அவரு பக்கம் சேர்ந்துக்கிட்டாரு, கடைசியில உங்கப்பாவும் சரின்னுட்டாங்க. மூணு ஆம்பளைங்க வாசல்ல நின்னு எம்பட வயித்தப்பத்திப் பேசி முடிச்சாங்க. நான் உள்ள அடுப்பு ஊதிக்கிட்டிருந்தேன், எல்லாம் காதுல விழுந்தது. ஒருத்தராவது உள்ள வந்து, பாவாயி, நீ என்ன சொல்றன்னு கேக்கலை. விடிஞ்சதும் ஜீப்பு வந்தது. நான் திரும்பி வந்தப்ப வயித்துல புள்ளையும் இல்லை, இனிமேப் பெக்கறதுக்கு வழியும் இல்லை. அம்மா மாமன் ஊட்டுக்குப் போயிருக்குதுன்னு உங்கிட்டச் சொல்லி வெச்சிருந்தாங்க. வந்ததும் எனக்கு வளையலு வாங்கியாந்தயான்னு கேட்ட. நல்லா யோசிச்சுப் பார்த்தா, என்னைக் கேட்டிருந்தா நானே சரின்னுகூடச் சொல்லியிருப்பேன், தொரையத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போன காலம் அது. சரின்னு சொல்லியிருப்பனோ, மாட்டேன்னு சொல்லியிருப்பனோ, இன்னைக்கு வரைக்கும் எனக்கே தெரியலை. தெரிஞ்சுக்கறதுக்கு எனக்கு வழி இல்லாமப் பண்ணிட்டாங்க.

அதனாலதான் நீ சொல்றதச் செய்யறேன்னு நீ எழுதுனது எனக்குப் பயமாப்போச்சு சாமி. நானும் ஒரு வாசல்ல நிக்கற ஆளாயிரக்கூடாது. இங்க ஒரு சர்க்காரு பெக்காதேன்னு ஜீப்பு அனுப்புச்சு, அங்க ஒரு சர்க்காரு கழிச்சாலும் கழி, திருத்தாதேன்னு சட்டம் போட்டு வெச்சிருக்குது. ரெண்டும் வேற வேறன்னு படிச்சவங்க சொல்லுவாங்களாயிருக்கும், எனக்கு ரெண்டும் ஒரே கையாத்தான் தெரியுது. நம்ம பக்கத்துக் கடை பேக்கரி ஆரோக்கியதாஸ் அண்ணன்கிட்ட உங்கப்பா இதச் சொல்லியிருக்கறாங்க. அவரு வந்து, உசுரு ஆண்டவரு குடுக்கறதுங்கம்மா, மனுசன் அதுல கை வெக்கலாமான்னு கேட்டாரு. உங்க ஊட்டுல அப்படி இருங்கண்ணா, உங்க நம்பிக்கைய நான் கும்புடறேன், ஆனா எம்பட மக ஊட்டுக் கதவத் தட்டி இதச் செய்யாதேன்னு போலீசு சொல்லோணுமான்னு கேட்டேன். யோசிச்சுப்போட்டு, போலீசு வேண்டாந்தான், ஆனா இன்னைக்கு நோவுன்னு ஆரம்பிச்சு நாளைக்குச் செவப்பா வேணும், ஒசரமா வேணும்னு காசு இருக்கறவன் கேப்பானேம்மான்னாரு. அது நெசந்தான், அந்த பயம் எனக்கும் இருக்குது. பொண்ணு பார்க்க வர்றப்பவே கலரு பார்க்கற ஊரு இது. அப்படி ஒருத்தி கேட்டா நான் அவ பக்கத்துல உக்காந்து, வேண்டாம் தாயின்னு சொல்லிப் பார்ப்பேன், கேக்கலைன்னா சண்டைகூடப் போடுவேன், அதுக்கு மேல எனக்கோ சர்க்காருக்கோ அவ வயித்து மேல பாத்தியதை இல்லை. அண்ணன் ஒத்துக்கலை, தலைய ஆட்டிக்கிட்டே போனாரு, ஆனா மக்யா நாள் விடிஞ்சதும் பன்னு குடுத்தனுப்புனாரு.

உனக்கு நான் சொல்றதுக்கு ஒண்ணுதான் இருக்குது. முடிவு உன்னோடது, ஆனா புள்ள உன்னோட சொத்து இல்லை. அது வளந்து வந்து ஏம்மா எனக்கு இப்படிச் செஞ்சன்னு கேட்டா அதோட கண்ணப் பார்த்துச் சொல்ல முடியறதச் செய்யி. பெருமைக்கு எதுவும் செய்யாத. பின்னால என்னைக்காவது திருத்தற கை வந்துருச்சுன்னு ஆராவது சொன்னாக்கூட, நல்லா வெசாரிக்காம புள்ளையக் கொண்டுபோயி சோதனைக்குக் குடுத்துராத. பொண்ணுக் கருவ மட்டும் வெச்சுக்கறன்னாலும் சரி, ஒண்ணும் செய்யாம வர்றது வரட்டும்னு பெத்தாலும் சரி, புள்ளையே வேண்டாம்னு நீங்க ரெண்டு பேரும் இருந்துக்கிட்டாலும் சரி, ஏன்னு ஒரு கேள்வி நான் கேக்கமாட்டேன், ஒறம்பரையில ஆரு கேட்டாலும் நான் பார்த்துக்கறேன். மாப்பிள்ளைகிட்ட மனசு விட்டுப் பேசு. அவங்க சொல்றதயும் கேட்டுக்க, ஆனா அவங்களுக்காகவும் பயந்து தலையாட்டாத. அழுகை வந்தா அழுதுரு, நர்சுன்னா அழக்கூடாதுன்னு ஒண்ணும் இல்லை.

போன வெள்ளிக்கெழமை சாயங்காலம் உங்கப்பா, அவளுக்கு வேண்டாம்னு எழுதிரு பாவாயி, ஆணுன்னு கழிக்கறத என்னால தாங்க முடியாதுன்னு சொன்னாங்க. எனக்கு எங்கருந்து வந்துச்சோ தெரியலை, ஒருக்கா எனக்காக நீங்க சொன்னீங்க, இவளுக்காகவும் நீங்க சொல்ல வேண்டாமுங்கன்னு சொல்லிட்டேன். இத்தனை வருசத்துல அந்தப் பேச்சு எங்களுக்குள்ள வந்ததே இல்லை. கடைய விட்டு எறங்கிப் போயிட்டாங்க. பனியில ஏரிக் கம்பியப் புடிச்சுக்கிட்டு நொம்ப நேரம் நின்னுருப்பாங்க போல, தலையெல்லாம் நனஞ்சு வந்தாங்க. அன்னைக்கு உன்னைக் கேட்டிருக்கோணும் பாவாயின்னாங்க. நான் துண்ட எடுத்துத் தலையத் தொவட்டி விட்டேன். அழுதாங்க, நானும் அழுதேன். அப்பறம், எது செஞ்சாலும் அப்பன் கூட இருக்கறேன்னு எழுதுன்னாங்க, எழுதிட்டேன்.

நம்ம கொலசாமி உன்னையும் மாப்பிள்ளையையும் கண்ணுல வெச்சுக் காப்பாத்தோணும், உங்க மனசு நெனக்கறபடி நல்லதே நடக்கோணும். குளிருல வெறுங்காலோட நடக்காத. இன்னொண்ணும் உங்கப்பா மறக்காம எழுதச் சொன்னாங்க. நாளைக்கு உங்களுக்கு ஒரு புள்ள பொறந்துச்சுன்னா தொரை பேர அதுக்கு வெக்க வேண்டாமாம். அவன் பேரு அவனோடயே இருக்கட்டும், வர்றது அதுக்குன்னு ஒரு பேரோட வரட்டும்னு சொன்னாங்க.

இப்படிக்கு
உன்னையே நெனச்சுக்கிட்டிருக்கற அம்மா
க. பாவாயி