தகவல் சொன்னவளே கொட்டியவள்

அனுப்புநர்:
சலவைக்கடை உரிமையாளர்,
ரசாயனக் கிடங்கின் பின்தெரு.

பெறுநர்:
உயர்திரு மண்டல அலுவலர் அவர்கள்,
எண்ணெய், ரசாயனக் கசிவு அறிவிப்புப் பிரிவு.

பொருள்: கசிவைத் தெரிவித்தவரையே கசியவிட்டவராகப் பதிவு செய்தது – திருத்தக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த செவ்வாய்க்கிழமை காலை கிடங்கில் ஒரு பீப்பாய் கவிழ்ந்து, மஞ்சள் நிறத் திரவம் எங்கள் கடையின் பின்புறச் சாக்கடையில் ஓடியது. ஜன்னலோரம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த என் தம்பி இருமி இருமி அங்கேயே சுருண்டு விழுந்தான். அவனை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, தங்கள் அலுவலகச் சுவரொட்டியில் கண்ட எண்ணுக்கு நானே தகவல் சொன்னேன். பொறுப்பான குடிமகள் என்ற நினைப்பு எனக்கு.

2. தங்கள் ஆய்வாளர் மாலையில் வந்தார். அதற்குள் கிடங்குக்காரர்கள் குழாய் போட்டுக் கழுவிவிட்டிருந்தார்கள். அவர்களுடைய சுத்தத்தைப் பாராட்டிவிட்டு, என்னிடம் விதியை விளக்கினார். கசியவிட்டவர் அறிவிக்க வேண்டும், கிடங்கு அறிவிக்கவில்லை, ஆகவே கிடங்கில் கசிவு இல்லை. "கொட்டினவங்கதான் சொல்லணும்னு சட்டம். சொன்னது நீங்க. வேற யார் பேரைம்மா நான் எழுதறது?" என்றார்.

3. இப்போது, நான் கொட்டிய திரவத்தின் பெயரையும் அளவையும் தெரிவிக்கும்படி எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. என் கடையில் இருப்பது சோப்பும் நீலமும்தான். இரண்டும் கொட்டவில்லை.

4. தம்பி எதைச் சுவாசித்தான் என்று தெரிந்தால்தான் சரியான சிகிச்சை தர முடியும் என்கிறார் மருத்துவர். கிடங்கு மேலாளரிடம் போய் நின்றேன். கிடங்கில் எதுவும் கசியவில்லை, அரசாங்கப் பதிவே அப்படித்தான் சொல்கிறது என்று கையை விரித்தார். தங்கள் அலுவலகத்தில் கேட்டால், பதிவின்படி அதைச் சொல்ல வேண்டியவள் நானாம். தம்பி ஆக்ஸிஜன் குழாயோடு கிடக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

5. ஆகவே, பழி என் பெயரிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். அதை நிதானமாகத் திருத்திக்கொள்ளுங்கள். அந்தப் பீப்பாயில் இருந்தது என்ன என்பதைக் கிடங்கில் கேட்டு, மருத்துவருக்கு இன்றே தெரிவிக்குமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

6. இன்று காலை முதல் மறுபடியும் அதே வாடை. தெரு முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறது. என் கதி தெரிந்ததால் ஒருவரும் போனைத் தொடவில்லை. இதை நான் அறிவிப்பாகச் சொல்லவில்லை. அப்படிப் பதிவு செய்துவிட வேண்டாம்.

நாள்: திங்கட்கிழமை
இடம்: மருத்துவமனை வராந்தா

இப்படிக்கு,
தங்கள் பதிவேட்டின்படி கசியவிட்டவரும்,
நோயாளியின் அக்காவும்,
(கையொப்பம்)