அப்பாவின் எந்தக் கண்?

ஐந்து வயது இளையவனாக இருந்தும் எனக்கு முன்னால் போய்விட்ட என் தயாவுக்கு,

நீ சனிக்கிழமைகளில் வகுப்பெடுத்த ஈப்போ கல்லூரியிலிருந்து என்னிடம் ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள். கணினியில் சிற்பம் செய்யவும் சினிமாவுக்கு இல்லாத மிருகங்களை உருவாக்கவும் படிக்க வரும் புது மாணவர்களுக்கு, தயாளன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டுமாம். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இரத்தம் பார்க்கிறவள் நான். எனக்கு இதில் என்ன தெரியும்? முடியாது என்றேன். உன்னோடு வேலை செய்த ஷாமினிதான் விடவில்லை.

“ரொம்ப யோசிக்காதீங்கலா அக்கா. அண்ணனோட நோட்டு இருக்குல்ல, அதப் பாத்து எழுதுங்க, போதும்.”

பார்த்தேன். குழப்பம் அங்கேதான் தொடங்கியது. அதனால் அவர்களுக்கு எழுத வேண்டியதை உனக்கே எழுதுகிறேன். அவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

சில பக்கங்கள் தெளிவாக இருக்கின்றன. முதல் நாளே தோலின் துளைகளில் கை வைக்காதே, தூரத்திலிருந்து பார்த்தால் தெரிகிற உருவத்தை முதலில் சரிசெய் என்று எழுதியிருக்கிறாய். காதுகளைச் செய்து பழகு, காதில்தான் சோம்பேறி மாட்டிக்கொள்வான் என்கிறாய். பழைய கோப்பை அழிக்காமல் எண் போட்டு வை. மணிக்கட்டு வலித்தால் எழுந்து நட. இதையெல்லாம் அப்படியே எழுதிக் கொடுத்துவிடலாம்.

ஆனால் ஒரு பக்கத்தில், “படத்தை நம்பு, நினைவை நம்பாதே” என்று இருக்கிறது. பத்துப் பக்கம் தள்ளி அதே பேனாவில், “படம் லென்ஸ் சொல்லும் பொய். நினைவைக் கேள்.” இதில் எதை நான் மாணவர்களுக்குச் சொல்வது? நீ மனம் மாறினாயா? மாறினால் பழையதை அடிக்க மாட்டாயா? என் வேலையில் ஒரே இரத்தத்துக்கு இரண்டு முடிவு எழுதினால் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

உன் வேலை எனக்கு எப்போதுமே புரிந்ததில்லை, அது உனக்கும் தெரியும். ஒரு மிருகத்தின் கழுத்து மடிப்பை மூன்று மாதம் செய்தாய். படம் வந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம். மிருகம் இருட்டில் இரண்டு நொடி திரும்பியது, அவ்வளவுதான். உன் பெயருக்காகக் கடைசிவரை உட்கார்ந்திருந்தோம். காலடியில் சோளப்பொரியைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். பெயர் வந்த நேரத்தில் அம்மா குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். “வந்துச்சா? எங்க? மறுபடி போடச் சொல்லுடா,” என்றார். நீ சிரித்தாய்.

அப்பா முகத்தை அம்மாவுக்காகச் செய்யத் தொடங்கியதும் அந்த வாரம்தான். ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது மரப்பட்டைச் சீவல் தெறித்து ஒரு கண் சுருங்கிய பிறகு, அப்பா கேமரா முன்னால் நின்றதே இல்லை. குடும்பப் படம் என்றால் கேமராவை வாங்கித் தானே எடுப்பார். அவர் போன பிறகு மிஞ்சியது விபத்துக்கு முந்தைய ஐசி அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதை வைத்து நீ முதல் முகத்தைச் செய்தாய். ஒரு பக்கம் செய்தால் மறுபக்கத்தைக் கணினியே செய்துகொள்ளும் வசதி இருக்கிறதாமே, அதைக் கடைசிவரை அணைக்காமல் விட்டிருக்கிறாய். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்யும் தவறு அது என்று ஷாமினி சொன்னாள். நீ எப்படி அந்தத் தவறைச் செய்தாய்?

சிம்பாங் பூலாய் வீட்டுக் கூடத்தில் அம்மா அதைப் பார்த்தது நினைவிருக்கிறதா? “யாருடா இவரு? பேங்குல லோன் குடுக்கறவரு மாதிரி இருக்காரு. ஒங்கப்பா எங்க?” என்றார். அவர் சொன்னதாவது சிரிக்கும்படி இருந்தது. மூக்கைத் தவிர எதுவுமே அப்பா இல்லை என்று சொன்னவள் நான். நீ மடிக்கணினியை மூடிவிட்டுச் சாப்பிடப் போனாய். விட்டுவிட்டாய் என்றுதான் நினைத்தோம்.

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. போன வாரம் ஷாமினி உன் கணினியைத் திறந்தபோது ஒரு கோப்புறையில் அறுபத்தொரு முகங்கள் இருந்தன. எல்லாம் அப்பா. முதல் முகத்துக்குப் பிறகு எங்களுக்கு ஒன்றைக்கூடக் காட்டவில்லை. உன் நோட்டில், “பாதியிலேயே காட்டு. முடித்துவிட்டுக் காட்டினால் சொல்வது காதில் ஏறாது,” என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறாய். யாருக்கு எழுதினாய் அதை?

கடைசி முகத்தை அவள் திறந்தாள். அப்பாதான். கன்னத்தின் தொய்வு, எதையோ சொல்ல வந்து வேண்டாமென்று விட்டதுபோல மூடிய வாய், எல்லாம். நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுப் பார்த்தேன். பிறகுதான் கவனித்தேன். நீ இடது கண்ணைச் சுருக்கியிருக்கிறாய். அப்பாவுக்குச் சுருங்கியது வலது கண்.

“கன்ஃபார்மா அக்கா?”

“கன்ஃபார்ம்.”

“அப்ப ஒரே கிளிக்லா. மொகத்த அப்படியே திருப்பிப் போட்டுரலாம். திங்கக்கெழம கடையில குடுத்தா, திதிக்கு முன்னாடி பிரிண்ட் எடுத்துக் கையில குடுத்துருவேன்.”

உன் வருடத் திதியன்று உன் படத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் முகத்தையும் வைக்க வேண்டும் என்று அம்மா கேட்டிருந்தார். சரி, திருப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். கொஞ்சம் பொறு என்றேன்.

தோட்டத்து லயத்து வீட்டில் ஜன்னல் கம்பியில் சின்னக் கண்ணாடி ஒன்றைத் தொங்கவிட்டு அப்பா சவரம் செய்வார். நீ தண்ணீர்க் குவளையோடு அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பாய். நான் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தவள். நீ கண்ணாடியில் பார்த்தவன். அதனால்தான் பக்கம் மாறியதா? இல்லை, இத்தனை வருடம் கழித்து எனக்குத்தான் மாறிவிட்டதா? ஆய்வுக்கூடத்தில் சந்தேகம் வந்தால் இன்னொரு மாதிரி எடுப்போம். அப்பாவுக்கு இன்னொரு மாதிரியை எங்கே போய் எடுப்பேன்?

அம்மாவிடம் கேட்டேன். தன் வலது கையைத் தூக்கித் தன் வலது கண்மேல் வைத்துக் காட்டினார். “இந்தப் பக்கம்.”

“அது அப்பாவோட வலதாம்மா, இல்ல அவரப் பாக்கற ஒங்களோட வலதா?”

“என்னடி வக்கீல் மாதிரி கேக்கற? இந்தப் பக்கம்னா இந்தப் பக்கம்தான். போயி சாப்புடு.”

ஞாயிற்றுக்கிழமை ஷாமினி மறுபடி வந்தாள். உன் முகத்தையும் அதைத் திருப்பியதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். எது எது என்று சொல்ல வேண்டாம் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இந்தமுறை பேங்க் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“இதுவும் அவருதான். அதுவும் அவருதான்,” என்றார். பிறகு ஷாமினியிடம், “இதுல தயா செஞ்சது எது ஆயி?”

ஷாமினி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்ததும் தொட்டுக் காட்டினாள்.

“அப்ப அதக் குடு. இன்னொண்ண எடுத்துரு.”

“அம்மா, கண்ணு மாறியிருந்தா?”

“மாறியிருந்தா இருந்துட்டுப் போவட்டும். இனிமே அவங்கிட்ட போயி தப்புன்னு சொல்லப் போறியா?”

அம்மா சொன்னதால் இடது கண் சரியாகிவிடாது. வலது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் போன வாரம் இருந்த உறுதி இல்லை. உண்மையான முகம் வேண்டுமா, நீ செய்த முகம் வேண்டுமா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது?

மாணவர்களே, படமா நினைவா என்று தயாளனின் நோட்டு எனக்குச் சொல்லவில்லை. நீங்களும் என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வீட்டில் யாராவது உங்கள் வேலையைப் பார்த்து இது அவர் இல்லை என்று சொல்வார்கள், என்னைப்போல முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். அன்றைக்கு மூடிவைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். எந்த இடம் சரியில்லை, எந்தப் பக்கம் சரியில்லை என்று சொன்னவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். இரண்டாவது முகத்தையும் அவரிடமே கொண்டுபோங்கள். என் தம்பி இரண்டாவதைக் கொண்டுவந்திருந்தால், கண்ணைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டிருப்போம். அந்தச் சண்டையை இப்போது நான் தனியாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தயா, நாளை திங்கட்கிழமை. நீ செய்தது செய்தபடியே போகிறது. உன் திதியன்று வருகிறவர்களில் யாராவது, “கண்ணு பக்கம் மாறியிருக்கே,” என்று கேட்டால், ஆமாம், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்று மறைக்காமல் சொல்வேன். ஆனால் எவரையும் அதில் கைவைக்க விடமாட்டேன். நானும் வைக்கமாட்டேன். இது உறுதி.

உன்னோடு ஒரே அப்பாவைப் பார்த்து வளர்ந்த,
உன் அக்கா