மறுபிறப்பு ஆண்டு

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். இரண்டாவது ஊசியையும் போட்டுவிடுங்கள். பாதியில் நிறுத்துவது உங்கள் வழக்கம், அதனால் சொல்கிறேன். இங்கே மேல்வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அவர்கள் வீட்டு நாற்காலிகள் நாள் முழுவதும் நடைபழகுகின்றன. மற்றபடி அமைதிதான்.

கடைசியில், "போனது போகட்டும், நீயாவது நிம்மதியா இரு" என்று எழுதியிருந்தீர்கள். இருந்திருப்பேன். ஆனால் ரப்பர் திரும்பி வந்துவிட்டார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிரிவுக்குத் தலைவராக இருந்தாரே, அவர்தான். அந்தப் பெயர் ஏன் என்று ஒருமுறை கேட்டீர்கள். எந்தப் பட்டியலையும் இழுத்து நீட்டிவிடுவார். வேண்டாததை அழித்தும் விடுவார். இரண்டு வேலைக்கும் ஒரே பெயர் போதும் என்று தட்டச்சுப் பிரிவுப் பெண்கள் வைத்தது. நடுவில் அமைச்சகத்துக்குப் போனார், மேலே மேலே ஏறினார். இப்போது கப்பற்படையின் முப்பது ஆண்டுத் திட்டத்துக்கு அவர்தான் தலைவர். இதை முடித்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெறுகிறார். அதன்பிறகு கப்பல் கட்டும் தளத்தின் தலைவர் பதவி அவருக்காகக் காத்திருக்கிறது.

திட்டம் என்ன என்று சொன்னால்தான் நான் செய்யப்போவது உங்களுக்கு விளங்கும். கடலில் எப்போதும் ஐந்து போர்க்கப்பல்கள் நிற்க வேண்டும் என்று படை கேட்கிறது. ஒன்று கடலில் நிற்க வேண்டுமென்றால் கையில் மூன்று வேண்டும். ஒன்று ரோந்தில் இருக்கும்போது இன்னொன்று பழுதுபார்ப்பில் இருக்கும், மற்றொன்று பயிற்சியில். ஆக, பதினைந்து. இருக்கிற பணத்துக்கும் ஆட்களுக்கும் முப்பது ஆண்டில் புதிதாகக் கட்ட முடிவது ஏழு. மீதி எட்டுக்கும் ரப்பர் வழக்கம்போல மறுபிறப்புக் கொடுத்திருக்கிறார்.

அந்தச் சொல் உங்களுக்கு மறந்திருக்காது. பழைய கப்பலை உலர்துறையில் ஏற்றி, அதாவது தண்ணீரை இறைத்துவிட்டுக் கப்பலை நிறுத்தி வைக்கும் அந்தப் பெரிய தொட்டியில் ஏற்றி, பெயின்ட் அடித்து, ரேடார் மாற்றி இறக்கினால், அன்றிலிருந்து அதன் வயதைப் புதிதாக எண்ணலாம் என்பது அவர் கண்டுபிடித்த விதி. அட்டவணையில் அதற்கென்றே ஒரு பத்தி உண்டு. தலைப்பு, 'மறுபிறப்பு ஆண்டு'. அண்ணனின் கப்பல் தன் முப்பத்தொன்றாம் வயதில் அந்தப் பத்தியில் இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தது. இருபது வயது தாண்டிய கப்பலில் கடல்நீர்க் குழாய்களின் தடிமனை ஆண்டுதோறும் அளக்க வேண்டும். இரண்டு வயதுக் கப்பலில் அளக்க வேண்டியதில்லை. அளக்கவில்லை. பதினோரு மாதத்தில் குழாய் வெடித்து எந்திர அறைக்குள் கடல் வந்தது. நான்கு பேர். வால்வை நேரத்துக்கு மூடாதது எந்திர அறைப் பொறுப்பாளரின் கவனக்குறைவு என்று விசாரணை அறிக்கை எழுதி முடித்துக்கொண்டது. அந்த ஒரு வரியைச் சுமந்துகொண்டுதான் நீங்கள் இந்த நாட்டைவிட்டுப் போனீர்கள்.

அந்தப் பொறுப்பாளர் என் அண்ணன் என்பது ரப்பருக்குத் தெரியாது. அவர் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை. அட்டவணைகளை நானே தயாரிக்கிறேன் என்று போய்க் கேட்டேன். மகிழ்ச்சியாகத் தலையாட்டினார். "நீங்க அதிகமாப் பேசமாட்டீங்க மேடம். அதான் உங்க கணக்க நம்புறேன்" என்றார்.

ஒரு எண்ணைக்கூடத் திருத்தப் போவதில்லை அண்ணி. அவர் கேட்டதை அவர் கேட்டபடியே, பிழையில்லாமல் செய்து கொடுப்பேன். கூடவே, அவர் கேட்காத இரண்டு பத்திகளையும் இணைப்பில் சேர்ப்பேன். ஒன்று, ஒவ்வொரு கப்பலின் உண்மையான வயது. மற்றது, ஒவ்வொன்றுக்கும் உலர்துறையில் தேவைப்படும் மாதங்கள். நம்மிடம் இருப்பது ஒரே ஒரு உலர்துறை. ஓர் ஆண்டில் அது பன்னிரண்டு மாதம்தான் தரும். திட்டத்தின் ஒன்பதாம் ஆண்டு கேட்பது பத்தொன்பது மாதம். நாள்காட்டியையும் இழுத்துவிடலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது.

இணைப்புகளை ரப்பர் என்றைக்கும் படித்ததில்லை. ஆனால் ஒப்புதல் குழுவின் தலைவி, நிதித்துறையிலிருந்து வந்த ஓர் அம்மாள், எந்தக் கோப்பையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். இது ஊரறிந்த விஷயம்.

ஊசி மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். வேண்டாம் என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்த மனிதருக்கும் மனைவி இருப்பாள், அவளை நினைத்துப் பார் என்கிறீர்கள். நினைத்துப் பார்த்தேன். அலுவலக விழாவில் ஒருமுறை பார்த்திருக்கிறேன், நல்ல பெண்மணி. பாவமாகத்தான் இருக்கிறது. அதற்காக நிறுத்தப் போவதில்லை. எனக்கு உங்கள் மனசு கிடையாது. எங்கள் அம்மாவே சொல்லியிருக்கிறாள், இவள் பேசாமல் இருந்தால் எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம் என்று.

சென்ற வாரம் ஒத்திகைக் கூட்டம் நடந்தது. நீளமேசையும், பழுதான குளிர்சாதனமும், ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டிலுமாக வழக்கமான அறை. அண்ணன் கப்பலோடு ஒரே வரைபடத்தில், ஒரே ஆண்டில் கட்டிய கப்பல்கள் இன்னும் இரண்டு ஓடுகின்றன. அவற்றில் ஒன்றின் கேப்டன் வந்திருந்தார். இளவயதுக்காரர்தான், அதற்குள் தலை நரைத்திருந்தது. எங்கள் கப்பலுக்கு இரண்டாவது மறுபிறப்பு என்று போட்டிருக்கிறதே, இன்னும் பதினைந்து வருடம் தாங்குமா, குழாய்களை யாராவது அளந்தார்களா என்று தணிவாகக் கேட்டார். நூற்றிருபது பேருக்குப் பொறுப்பான மனிதர் கேட்கிற கேள்வி.

ரப்பர் சிரித்தார். "கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கைய வெக்கக் கூடாதும்பாங்க. நீங்க கரையில நிக்கும்போதே வெச்சா எப்படி கேப்டன்?" என்றார். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். கேப்டனும் மரியாதைக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள். இத்தனை ஆண்டு அரசாங்க வேலை அதற்குக்கூடப் பழக்கிவிட்டிருக்கிறது.

அந்தப் பழமொழியை அவர் முதல்முறை சொல்லவில்லை. அண்ணனுக்கான இரங்கல் கூட்டத்தில் படைவீரர்களுக்குத் தைரியம் சொல்கிறேன் என்று இதையேதான் சொன்னார். நீங்கள் முன்வரிசையில் இருந்தீர்கள். கேட்கும் நிலையில் இல்லை. நான் கடைசி வரிசையில் நின்று கேட்டேன். அன்றிலிருந்து அந்தப் பழமொழியை நான் எங்கும் பயன்படுத்துவதில்லை.

ஒத்திகை முடிந்ததும் ஆவண அறைக்குப் போனேன். பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய அட்டவணையைத் தேடி எடுத்தேன். விசாரணைக்குழு எந்திர அறைக் குறிப்பேட்டை மட்டுமே கேட்டது. இதைக் கேட்கத் தோன்றவில்லை. தாள் மஞ்சளாகியிருக்கிறது, எழுத்து மங்கவில்லை. அண்ணனின் கப்பல் எண். கட்டிய ஆண்டு. மறுபிறப்பு ஆண்டு. வயது, இரண்டு. 'குழாய் அளவீடு தேவையில்லை' என்று எதிரே ஒரு வரி. அடியில் ரப்பரின் கையெழுத்து, அந்த நீண்ட வாலோடு. இதன் நகல்தான் இணைப்பு ஏழு. அண்ணன் மேல் போட்ட பழியை அந்தத் தாள் ஒன்றே துடைத்துவிடும்.

அந்தத் தாளில் இன்னொன்றும் இருக்கிறது. அதை இப்போது எழுத எனக்கு வரவில்லை. கூட்டம் முடியட்டும்.

குழு இருபத்தெட்டாம் தேதி கூடுகிறது. எனக்காக வேண்டிக்கொள்ளாதீர்கள், நான் செய்வது வேண்டுதலுக்கு உரிய காரியமல்ல. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மே 2

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். விசாரணை மறுபடி திறக்கப்படுகிறது. 'கவனக்குறைவு' என்ற வரியை நிறுத்தி வைத்து உத்தரவு போட்டாகிவிட்டது. அந்த இரண்டு கப்பல்களையும் துறையைவிட்டு நகரக் கூடாது என்று கட்டி வைத்து, மறுநாளே குழாய்களை அளந்தார்கள். ஏழு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுகூட இல்லையாம். நரைத்தலைக் கேப்டன் தொலைபேசியில் இதைச் சொன்னார்.

கூட்டத்தைப் பற்றியும் எழுத வேண்டும். எழுதாமல் எனக்கு ஆறாது. ரப்பர் புதுக்கோட்டு போட்டு வந்திருந்தார். பதினைந்து கப்பல்களும் திரையில் வரிசையாக நின்றன, எல்லாம் புதுநீல நிறத்தில். தலைவியம்மாள் திரையைப் பார்க்கவே இல்லை. கோப்பைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கடைசிப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். பிறகு ஒரு கப்பல் எண்ணைச் சொல்லி, இதுக்கு என்ன வயசு என்று கேட்டார். பதினாலு என்றார் ரப்பர்.

"இணைப்புல நாப்பத்திமூணுன்னு இருக்கே. நடுவுல இருபத்தொம்பது வருஷம் எங்க போச்சு?"

ரப்பர் மறுபிறப்பை விளக்கினார். நன்றாகத்தான் விளக்கினார், எனக்கே நம்பத் தோன்றியது. அம்மாள் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்கு அறுபத்தொண்ணு. போன மாசம் கண்ணுல ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். அப்ப நான் ஒரு மாசக் குழந்தையா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. உலர்துறையின் பத்தொன்பது மாதத்தைக் கேட்டார். இணைப்பு ஏழைப் புரட்டி, அந்தக் கப்பல் என்ன ஆனது என்று கேட்டார். இது யார் கையெழுத்து என்றார். ரப்பர் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார், மறுபடி போட்டார். என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். அண்ணி, பதினோரு ஆண்டு நான் பசித்திருந்தது அந்தக் குரலுக்காகத்தான். பசி தீரத்தீரக் கேட்டேன். அதற்காக வருந்தவில்லை, இனியும் வருந்த மாட்டேன்.

ஆனால் அவர் லேசில் விடுகிற ஆளா? தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "கீழ 'சரிபார்த்தேன்'னு ஒரு சுருக்கொப்பம் இருக்கு. கணக்கு அவங்களோடது. அவங்களத்தான் கேக்கணும்" என்றார். யாருடையது என்று அவருக்கு நினைவில்லை.

நான் எழுந்து நின்றேன். "என்னோடதுங்க. செத்துப்போன எந்திர அறைப் பொறுப்பாளர் எங்க அண்ணன்" என்றேன்.

இதுதான் அண்ணி, சென்ற கடிதத்தில் எழுத வராதது.

தேடி எடுத்தேன் என்று எழுதியிருந்தேன். அது பொய். தேடவே இல்லை. எந்த அலமாரி, எத்தனையாவது தட்டு என்று பதினோரு ஆண்டும் எனக்குத் தெரியும். அன்று அட்டவணை என் மேசைக்கு வந்தபோது, சார், இது நிஜ வயசு இல்லையே என்று ரப்பரிடம் கேட்டேன். "மறுபிறப்புன்னா மறுபிறப்புதாம்மா, போடுங்க" என்றார். மாலைக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. போட்டேன். எண்களைக் கூட்டிப் பார்த்தேன், கூட்டல் சரியாக இருந்தது. சரிபார்ப்பது என்றால் எங்கள் அலுவலகத்தில் அவ்வளவுதான் பொருள்.

அது எந்தக் கப்பல் என்று தெரியாமல் போட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியும். அடுத்த வாரம் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டு, "என்ன புள்ள, உங்க ஆபீஸ் என் கப்பலக் கைக்கொழந்தை ஆக்கிடுச்சாமே, இனிமே நான் தாலாட்டுத்தான் பாடணும்" என்றான். இருவரும் வெகுநேரம் சிரித்தோம். நீங்கள்கூட உள்ளிருந்து, அப்படி என்ன சிரிப்பு என்று கேட்டீர்கள். உங்கள் குரல் எனக்குக் கேட்டது.

இந்தத் தாளை அன்றே விசாரணைக்குழுவிடம் கொடுத்திருந்தால் அண்ணன் மேல் அந்த வரி விழுந்திருக்காது. நீங்கள் இந்த வயதில் அந்நிய தேசத்தில் முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருக்க மாட்டீர்கள். கொடுக்கவில்லை. ரப்பரைத்தான் வெறுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவரை வெறுத்தது உண்மைதான். ஆனால் வெறுக்க இன்னொருவரும் அந்தத் தாளிலேயே இருந்தார்.

ரப்பருக்குக் கப்பல் தளமும் இல்லை, ஓய்வூதியமும் விசாரணை முடியும்வரை இல்லை. என்னையும் பணியிடைநீக்கம் செய்து வைத்திருக்கிறார்கள். நியாயம்தான். திட்டத்தைத் திரும்ப எழுதச் சொல்லி உத்தரவு. பதினைந்து என்று பொய் சொல்லாமல் ஒன்பது என்று எழுதுங்கள், மூன்றுதான் கடலில் நிற்கும், எந்தப் பக்கம் காவல் இல்லாமல் கிடக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்றாராம் தலைவியம்மாள். வேறு யாரோ எழுதுவார்கள்.

அடுத்த வாரம் அந்தத் தாள் பத்திரிகைகளில் வரும். இரண்டு கையெழுத்தும் தெளிவாகத் தெரியும். அதற்குமுன் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். அண்ணன் மேல் பழியில்லை என்ற உத்தரவு வந்ததும் உங்கள் முகவரிக்கே நேராக அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதை நான் தொட்டுக் கொடுக்க வேண்டாம்.

அந்த மனிதருடைய மனைவியைக்கூட நினைத்துப் பார்த்தீர்கள். அந்த மனசில் எனக்கும் இடம் கேட்கவில்லை. திட்டுங்கள், பக்கம் பக்கமாகத் திட்டி எழுதுங்கள், ஒரு சொல்லுக்கும் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள் அண்ணி.

இப்படிக்கு,
இன்னும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம் என்றால்,
உங்கள் நாத்தனார்