கிள்ளிய கொழுந்து

அப்புத்தளை,
ஐப்பசி 12, 1924

பூரணத்தின் அம்மாவுக்கு,

பண்டாரவளையில் உன் அண்ணன் வீட்டில் எல்லாரும் சுகந்தானே? ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. உன்னிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

போன மாதம் மகளை அழைத்துவர மொண்டிசோரிப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். வேலியோரம் இடுப்புயரத்துக்கு ஒரு தேயிலைச் செடி நின்றது. டீச்சரிடம் பேசிக்கொண்டே அதன் கொழுந்தைக் கிள்ளிவிட்டேன். தேயிலைத் தோட்டத்துக் கங்காணியின் கை அல்லவா, என்னைக் கேட்காமலே போய்விட்டது. பிள்ளைகள் அப்படியே உறைந்து நின்றார்கள். யாரும் கை வைக்காவிட்டால் தேயிலை எவ்வளவு உயரம் போகும் என்று பார்க்க, எட்டு மாதமாக நூல் பிடித்து அளந்து வந்தார்களாம்.

டீச்சர் கோபிக்கவில்லை. "இனி என்ன ஆகுதுன்னு நீங்களே வந்து பாருங்க" என்றார்.

தினமும் போகிறேன். மூன்றாவது வாரம், கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு முளை தெரிந்தது. இருபது வருஷம் தேயிலையோடு கிடந்தும் ஒரு செடியை நான் நின்று பார்த்ததில்லை. இரண்டில் எது முந்தும்? இடப்பக்கம் என்கிறாள் பூரணம். நீ என்ன நினைக்கிறாய்? நான் குனிந்தாலே, "தொடாம பாருங்கப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

நேற்று டீச்சர் மறுபடியும் கேட்டார்: "உங்க சம்சாரம் இங்க பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வருவாங்களா?"

போன தடவை நீ பக்கத்தில் நிற்கும்போதே, "வரமாட்டா" என்று சொன்னவன் நான்.

இந்தத் தடவை உன் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
பூரணத்தின் அப்பா