ஏழாம் நம்பர் பஸ், பதினோராவது நிறுத்தம்

3-10-84, புதன்

தூறல். டூல் ரூமில் கடைசி நாள். கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் லேத் வருகிறது. அதைக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் மேற்கு ஜெர்மனி. நான் மட்டும். மூன்று நாளாகப் பசியே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஃபோர்மன் வரதன் சார் வழியை மறுபடி சொன்னார், நாலாவது தடவை. அழைத்துப்போக ஆள் வராது. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டுக்குள் லேத் செய்யும் அந்தத் தொழிற்சாலை ஆபீசில் தங்கும் அறைச் சாவியை வாங்க வேண்டும். பூட்டிவிட்டால் திங்கள்தான். அதுவரை தெருதான். ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே, 7ஆம் நம்பர் பஸ், பதினோராவது நிறுத்தம்.

"தனியா போய்ச் சேந்துடுவியாடா?"

டிப்ளமோ படித்தவனிடம் கேட்கிற கேள்வியா. "அட்ரஸ் கீது, பஸ் நம்பர் கீது. அப்புறம் இன்னா சார்?"

"ரோட்டுக்கு டிராயிங் கெடையாதுடா" என்றார். நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன்.

4-10, வியாழன்

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப். ஏர்போர்ட் போக வேண்டும், ராத்திரி விமானம். அம்மா, அக்கா, பக்கத்து லேத்தில் வேலை செய்யும் ஏகாம்பரம். பெட்டியில்: வெர்னியர் அளவுகோல், இரவல் ஸ்வெட்டர், எலுமிச்சை ஊறுகாய், கம்பெனிக் கடிதம். அம்மா பெட்டிப் பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்த்தாள்.

அக்கா: "கோட்டு போட்டுகினு தொர மாதிரி கீற. மொதல்ல மூக்கத் தொடச்சிக்க."

பஸ் சரியாக நிற்காமலே நகர்ந்தது. ஏகாம்பரம் நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே பின்னால் ஓடினான். "ஹோல்டான், ஹோல்டான்! ஜெர்மனி போற ஆளு கீழ நிக்குதுபா!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மானம் போயிற்று.

5-10, வெள்ளி

வந்துவிட்டேன். வந்தேவிட்டேன். குளிர். வாயைத் திறந்தால் புகை. கிட்டப் போனால் கதவு தானே திறக்கிறது. மூன்று தடவை போய் வந்தேன். ரயில் 11.32 என்றால் 11.32. பெட்டியில் எல்லாரும் பேப்பர் படிக்க, நான் மட்டும் ஜன்னல் விட்டு ஜன்னல் மாறிக்கொண்டு.

12.20. ரயில் நிலைய வாசல். கிழக்கே போக வேண்டும், ஆகவே சாலையின் வடக்குப் பக்கம் நின்றேன். 7 வந்தது. ஏறினேன். எதிர்த் திசையில் போனது. எங்காவது திரும்பும் என்று நினைத்தேன். நிறுத்தங்களை விரல் விட்டு எண்ணிப் பதினோராவதில் இறங்கினேன்.

முட்டைக்கோஸ் வயல். ஒரு மாடு. தொழிற்சாலை இல்லை.

ஒரு லாரி வந்தது, தப்பான பக்கத்தில். டிரைவரைத் திட்ட வாயெடுத்தேன். அரை நொடி. தப்பான பக்கத்தில் நிற்பது நான். இங்கே வண்டி வலது பக்கம் போகும் என்பது எனக்குத் தெரியும், ஸ்டீயரிங் ஏன் இடது பக்கம் என்று வரைந்தே காட்டுவேன். கால் மட்டும் சுங்குவார்சத்திரத்தில் நின்றிருக்கிறது. மடையன்.

எதிர்ப்பக்கம் போய் நின்றேன். 1.10க்கு 7 திரும்பி வந்தது. அதே டிரைவர், பெரிய மீசை. என்னைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், என்னமோ சொன்னார். பாஷை புரியவில்லை. தொனி புரிந்தது: வரதன் சார் தொனி. டிக்கெட் வேண்டாம் என்று கையாட்டினார். இருபத்திரண்டு நிறுத்தம். ஒவ்வொன்றிலும் கிழவிகள் நிதானமாக ஏறினார்கள்.

1.57. கேட்டுக்கு உள்ளே, தூரத்தில், தொப்பி போட்ட ஒருவர் ஆபீஸ் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். மூன்று நிமிஷம் முன்னாலேயே. பெட்டியோடு ஓடினேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசிக்கவில்லை. அடித்தொண்டையிலிருந்து வந்தது: "ஹோல்டான், ஹோல்டான்!"

நின்றார்.

சாவி எண் 14. அறைக்குப் போகும் வழியில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அந்த லேத். ஆளில்லாமல் சும்மா நிற்கிறது. திங்கள் வரை எப்படிப் பொறுப்பது.

6-10, சனி

வரதன் சாருக்குக் கடிதம்: தாங்கள் சொன்ன வழியில், இரண்டு மணிக்குள் சேர்ந்தேன். பொய் இல்லை. ஏகாம்பரத்துக்குத் தனியாக ஒரு வரி: உன் கத்தல் இங்கேயும் செல்லும், ஜெர்மனிலும் 'ஹால்ட்' என்றால் நில்.

தபால் பெட்டி எதிர்ப்பக்கம். முதலில் இடது பக்கம் பார்க்க வேண்டும். இடது.